அஞ்சு நிமிஷம் கொஞ்சம் பாத்துக்கங்க

கூட்டேரிப்பட்டு ஜங்ஷனில் பஸ்ஸுக்காகக் கால் மணி நேரம் நின்று பாருங்கள். அதற்குள் குறைந்தது நாலு பேராவது பஞ்சர் கடைப் பக்கம் வந்து ஒரே வார்த்தையைச் சொல்வார்கள். "ராஜண்ணே, இத கொஞ்சம் பாத்துக்கங்க, அஞ்சு நிமிஷம்." இது என்பது எதுவாகவும் இருக்கலாம். பைக், பை, பலாப்பழம், மாமியார். பதிலுக்காக யாரும் நிற்பதில்லை. 'பாத்துக்கங்க' என்பது வாயை விட்டு வருவதற்குள் அவர்கள் உடம்பு பாதி திரும்பியிருக்கும். ஒருமுறை பெங்களூருக்குப் போகிற கம்ப்யூட்டர் ஆசாமி ஒருவர் பெட்டியை இறக்கி வைத்து, "அங்கிள், கீப் அன் ஐ ஆன் திஸ்" என்றார். பஞ்சர் கடை அடைக்கலராஜுக்கு அதில் 'அங்கிள்' மட்டும்தான் புரிந்தது. ஆனால் உடம்பு பாதி திரும்பியிருந்ததே, அது போதாதா? "சரிங்க, போயிட்டு வாங்க" என்று பெட்டியை நிழலுக்கு இழுத்துப் போட்டான்.

ஒரு கண் வைத்தால் போதும் என்றுதான் ஆங்கிலக்காரனும் சொல்கிறான், நம்மவர்களும் சொல்கிறார்கள். மிச்சமிருக்கிற இன்னொரு கண்ணால் ஆள் தன் பிழைப்பைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று பெரிய மனசு பண்ணி விட்டிருக்கிறார்கள். அடைக்கலராஜுக்கு அந்த மிச்சமும் கிடையாது. இடது கண் கால் உள்ளவற்றுக்கு, வலது கண் கால் இல்லாதவற்றுக்கு என்று அவனாகவே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தான். சக்கரம் வைத்ததெல்லாம் கால் உள்ளதில் சேர்த்தி. குடித்துவிட்டுப் படுத்திருப்பவர் எழுந்திருக்கும் வரை வலது கண், எழுந்த பிறகு இடது கண். பஞ்சர் ஒட்டுவது எந்தக் கண்ணால் என்று கேட்டால், அது கை வேலைதானே என்பான்.

அப்புறம் அந்த அஞ்சு நிமிஷம். டீ குடிக்கப் போகிறவரின் அஞ்சு நிமிஷம் என்றால் அரை மணி. மயிலம் மலைக்குப் போகிறவரின் அஞ்சு நிமிஷம் அரை நாள். பௌர்ணமிக்குத் திருவக்கரை போகிறவர் அஞ்சு நிமிஷம் என்றால் மறுநாள் காலையில் எதிர்பார்க்கலாம். இரண்டாயிரத்து ஒன்பதில் ஒருவர் குடையைக் கொடுத்துவிட்டு அஞ்சு நிமிஷத்தில் வருவதாகச் சொல்லிப் போனார். அவருடைய அஞ்சு நிமிஷம் இன்னும் முடியவில்லை. மழைக்காலம் வருவதற்கு முன்னால் அடைக்கலராஜ் அந்தக் குடையை ஒருமுறை விரித்து வெயிலில் காய வைத்து மடித்து வைக்கிறான். மழை வந்தால் அவன் மட்டும் நனைகிறான். அடுத்தவன் பொருளாயிற்றே!

முகையூர்ப் பக்கம் பிறந்தவன். பத்தொன்பது வயசில் ஜங்ஷனுக்கு வந்து தகரக் கொட்டகை போட்டான். கடை திறந்த முதல் நாள் டயர் ஒன்றும் வரவில்லை. ஒரு மூட்டை மல்லாட்டைதான், அதாவது வேர்க்கடலைதான் வந்தது, பார்த்துக்கொள்ளச் சொல்லி. அன்றைக்கு ஆரம்பித்தது. இருபது வருஷமாகிறது, அவன் பார்வையில் விட்ட ஒரு பொருளாவது தொலைந்தது என்று ஒருவர் சொல்லட்டும் பார்க்கலாம். தகர டப்பா மூடிகூடப் போனதில்லை. அது அவனுக்குக் கொஞ்சம் கர்வம்தான். இருக்கட்டுமே, மனுஷனுக்கு ஒன்றாவது வேண்டாமா?

தொலைந்ததெல்லாம் அவனுக்கு வந்த வரன்கள்தான். ஆறு.

முதல் பெண் வீட்டுக்குப் போகவே இல்லை, ஒரு லோடு கரும்புக்குக் காவல் நின்றுவிட்டான். மூன்றாவது பெண் வீட்டில்தான் பெரிய கூத்து. உள்ளே நுழையும்போது ஒரு பெரியவர் வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தார், "வெளிய நாய் தொல்ல, செருப்ப பாத்துக்கங்க." அவ்வளவுதான். பெண் காபித் தட்டோடு வந்து நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். மாப்பிள்ளை வாசல் பக்கம் இருபத்தேழு ஜோடிச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு செருப்பு போகவில்லை. பெண் போய்விட்டாள். ஆறாவது வரன் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கும் கட்டம் வரை வந்து, அதுவும் ஒரு கன்றுக்குட்டியால் கலைந்தது. அந்தக் கதை வேண்டாம், இப்போது சொன்னாலும் அவன் அக்காவுக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்.

அக்கா அமலோற்பவமேரி திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஏழாவது வரனைக் கொண்டுவந்ததும் அவள்தான். பெண் பெயர் ஜெசி. விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. டீச்சர். முப்பத்து நாலு வயசு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பதினொரு மணிக்கு அக்கா வீட்டில் பார்ப்பதாக ஏற்பாடு. முந்தின நாளே அக்கா போனில் சொல்லிவிட்டாள்.

"டேய் ராஜி, நாளைக்கு ஷட்டர தொறந்த, கால ஒடைச்சிப் புடுவேன். வெள்ளச் சட்ட போட்டுக்கினு நேரா பஸ் ஏறி வா. உனுக்கும் முப்பத்தொம்போது ஆச்சிடா. இதுவும் போச்சின்னா நான் இனிமே அலைய மாட்டேன். சொல்லிட்டேன்."

போட்டோவில் ஜெசி சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை எங்கேயோ பத்திரமாக வைத்திருப்பது போல இருந்தது. அடைக்கலராஜுக்கு அந்த முகம் பிடித்துப் போனது. இரண்டு நாளாகப் போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டான். இந்த முறை விடக்கூடாது என்று மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டான்.

ஷட்டரைத் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை. ஆனால் பஸ்ஸுக்கு எங்கே நின்றான் தெரியுமா? மூடிய தன் கடைக்கு முன்னாலேயே போய் நின்றான். கடை மூடியிருந்தால் என்ன, கண் திறந்துதானே இருக்கிறது! போதாக்குறைக்கு அன்று முகூர்த்த நாள், பௌர்ணமி வேறு. ஊரே ரோட்டில் இருந்தது.

முதலில் ஒரு சேவல் வந்தது. வயர் கூடைக்குள் உட்கார்ந்து, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு. சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோகிறவர், "பூ வாங்கிக்கினு வந்துர்றேன்" என்று பாதி திரும்பினார். பூதானே என்று இவனும் தலையாட்டினான்.

அடுத்து பீரோ. கல்யாணச் சீர் ஏற்றி வந்த டெம்போ திருப்பத்தில் ஆக்ஸில் முறிந்து உட்கார்ந்துவிட, பெண்ணின் அப்பா வெங்கடாசலம், ஆள் உயரக் கண்ணாடி வைத்த அந்த பீரோவை நாலு பேரை வைத்து இறக்கி, கடை முன்னால் நிறுத்தினார். "ராஜி, வேற வண்டி புடிச்சாறேன். கண்ணாடிக்கு ஒண்ணும் ஆவக்கூடாது, புள்ளைக்கு அத பாத்துதான் ஆசையே." அவர் போன ஒரு நிமிஷத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் பாதிப் பேர் கண்ணாடி முன்னால் வரிசை கட்டித் தலை வாரிக்கொண்டிருந்தார்கள். "தொடாம வாருங்க, தொடாம வாருங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான் அடைக்கலராஜ். திண்டிவனம் பஸ் ஒன்று வந்து நின்று போனது.

அப்போதுதான் நாசியா வந்தாள். கோட்டக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், அம்மா வீடு இங்கேதான், அடைக்கலராஜுக்குப் பழகின முகம். இடுப்பில் ஒன்றரை வயசு முகம்மது ஆசிப்.

"அண்ணே, எங்க வூட்டுக்காரு துபாய்லேர்ந்து வர்றாரு. ரோட்டுக்கு அந்தாண்ட எறங்குறேன்னாரு. கொழந்தைய வச்சிக்கினு இத்தினி வண்டியில ரோட்ட தாண்ட முடியாதுண்ணே. அஞ்சு நிமிஷம்."

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தான். திறந்த வாய்க்குள்ளிருந்து "குடும்மா" என்றுதான் வந்தது. அந்த வாய்க்கு வேறு எதுவும் தெரியாது, என்ன செய்வது!

பத்து நிமிஷத்தில் நாசியாவிடமிருந்து போன். "அண்ணே, பேஜாரா போச்சு. அவரு பஸ்லயே தூங்கிப்போய் விக்கிரவாண்டி டோல்கேட்டாண்ட எறங்கிக்கினு நிக்கறாரு. மூணு பெட்டி கீதாம். நான் போய் கூட்டிக்கினு வந்துர்றேன். கொழந்த உங்ககிட்டதான கீது, எனுக்கு கவலயில்ல."

அவளுக்குக் கவலையில்லை. இவன் மணியைப் பார்த்தான். பத்தே கால்.

ஆசிப்போ தன் வாழ்நாளில் அப்பாவை நேரில் பார்த்ததில்லை, போனில் பார்த்ததோடு சரி. தாடி வைத்த முகம் என்றால் அத்தா என்று ஒரு முடிவுக்கு வந்திருந்தான். அடைக்கலராஜ் தாடியைப் பிடித்து இழுத்து, "அத்தா" என்றான்.

பத்தேமுக்காலுக்கு அக்கா கூப்பிட்டாள். "எங்கடா கீற?"

"இங்கதாங்க்கா."

"இங்கன்னா?"

"கடையாண்ட. தொறக்கல. அக்கா, ஒரு கொழந்த, ஒரு சேவலு, ஒரு பீரோ."

அக்கா அழுகிறாளா, மயங்கி விழுந்துவிட்டாளா என்று தெரியாமல் இவன் "அக்கா, அக்கா" என்றான்.

"பாவி. பாவி. அவங்க கார்ல விழுப்புரத்துலேர்ந்து கெளம்பிட்டாங்கடா. வர்ற வழிதான் உன் ஜங்ஷனு. போன் பண்ணி அங்கியே நிறுத்தச் சொல்றேன், ஆசீர்வாதமா ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போவட்டும். சட்டையாவது சுத்தமா கீதா?"

சட்டையைப் பார்த்தான். ஆசிப் தின்ற பிஸ்கட் முழுவதும் தோள்பட்டையில் இருந்தது. "இருக்குதுக்கா" என்றான். அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

கார் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் ஜெசியின் தாய்மாமா சவுரிராயன். ரயில்வேயில் முப்பத்திரண்டு வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரில் யார் நின்றாலும் டிக்கெட் இல்லாமல் ஏறிய ஆளாகத்தான் அவருக்குத் தெரியும். வெள்ளைத் தாடி, கஞ்சி போட்ட வேட்டி. பின்னால் ஜெசி இறங்கினாள்.

நியாயமாக அடைக்கலராஜ் அந்த நேரம் ஜெசியைத்தான் பார்த்திருக்க வேண்டும். இரண்டு நாளாகப் போட்டோவைப் பார்த்தவன் அல்லவா? ஆனால் இடது கண் சேவல்மேல், வலது கண் பீரோமேல், கை குழந்தைமேல். பார்க்க ஒரு கண்கூட மிச்சமில்லை. ஒரு மாம்பழக் கலர் புடவை வந்து நின்றது மட்டும் ஓரமாகத் தெரிந்தது.

"மாப்ள யாரு?" என்று தலை வாரிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கேட்டார் சவுரிராயன்.

"நாந்தாங்க."

"கைல என்னா?"

"கொழந்தைங்க."

"அது தெரியுது. யாரோடது?"

"சும்மா பாத்துக்கறேங்க."

"அத்தா!" என்றான் ஆசிப், தாடியை இழுத்து.

சவுரிராயன் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. "கல்யாணமே ஆவாதவருன்னு உங்க அக்கா சொன்னாங்க."

"ஆவலங்க. இது தாடி வச்சவங்க எல்லாரையும் அப்படித்தாங்க கூப்புடும்."

அதை நிரூபிக்க வேண்டும் என்று ஆசிப்புக்கு யார் சொன்னார்களோ! சவுரிராயனின் வெள்ளைத் தாடியைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, ஜங்ஷன் முழுக்கக் கேட்கும்படி, "அத்தா!" என்று கத்தினான். சீப்புகள் எல்லாம் நின்றன. பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பெரியவரைப் பார்த்தார்கள்.

"சேசுவே!" என்று இரண்டடி பின்வாங்கினார் பெரியவர். பின்னால் வயர் கூடை இருந்தது. கால் பட்டுக் கூடை உருண்டது. சேவல் வெளியே வந்தது.

வந்த சேவல் ரோட்டுப் பக்கம் ஓடியிருந்தால்கூடப் பரவாயில்லை. அது நேரே பீரோவுக்குப் போனது. கண்ணாடிக்குள் இன்னொரு சேவல் நிற்பதைப் பார்த்தது. நின்றது. கழுத்து மயிரைச் சிலிர்த்தது. உள்ளே இருந்த சேவலும் சிலிர்த்தது. இவ்வளவு திமிரா என்று இது ஒரு அடி பாய்ந்து கொத்த, கண்ணாடி டங்கென்றது.

அடைக்கலராஜுக்கு உயிர் போய்விட்டது. ஒருத்தர் கொடுத்த பொருள் இன்னொருத்தர் கொடுத்த பொருளை அடிக்கிறது! இருபது வருஷத்தில் இப்படி ஒரு வழக்கு வந்ததில்லை. இடது கண்ணும் வலது கண்ணும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டால் மனுஷன் எந்தப் பக்கம் நிற்பான்? குழந்தையை இறக்கிவிட முடியாது. டங், டங் என்று சேவல் விடாமல் கொத்தியது. குழந்தையை ஒரு இடுப்பிலும் இன்னொரு இடுப்பிலுமாக மாற்றி மாற்றி, ஒரு கையாலேயே பொத்தான்களைப் பிய்த்து, வெள்ளைச் சட்டையைக் கழற்றி, வீசிக் கண்ணாடியை மூடினான்.

எதிரியைக் காணோம். சேவலுக்கு ஒன்றும் புரியவில்லை. பயந்து ஓடிவிட்டான் போலிருக்கிறது என்று பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கப் போனது. அங்கே வைத்து அமுக்கிவிட்டான்.

வெளியே வந்தபோது ஒரு கையில் சேவல், ஒரு கையில் குழந்தை. உடம்பில் மூன்று ஓட்டை போட்ட பனியன். ஷட்டரில் உரசிய கிரீஸ் நெற்றியிலிருந்து மூக்கு வரை. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை இந்தக் கோலத்தில் நின்றான். எல்லாம் முடிந்தது, ஏழாவதும் போச்சு என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. தலையை நிமிர்த்தவில்லை.

"ஜெசி, வண்டியில ஏறு" என்று சவுரிராயன் கர்ஜித்தார்.

கர்ஜித்த வாய் மூடுவதற்குள், ஒரு ஸ்கூட்டர் அவர் காலடியில் வந்து நின்றது. ஹெல்மெட் போட்ட ஒருவன் இறங்கி, சாவியை அவர் கையில் திணித்து, "பெருசு, ஜல்தியா வந்துர்றேன், வண்டிய கொஞ்சம் பாத்துக்க" என்றான். உடம்பு பாதி திரும்பியிருந்தது.

"யோவ்! யோவ், நில்லு!" ஆள் பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் மறைந்துவிட்டான்.

பெரியவர் சாவியைப் பார்த்தார். காரைப் பார்த்தார். ஸ்கூட்டரைப் பார்த்தார். கடித்துத் துப்புகிற மாதிரி அடைக்கலராஜைப் பார்த்தார். "எப்ப வருவான்?"

"அஞ்சு நிமிஷம்னா சொன்னாருங்க?"

"ஜல்தின்னான்."

"ஜல்தின்னா ஒரு மணி நேரம் ஆவுங்க."

முப்பத்திரண்டு வருஷம் அரசாங்கச் சாவியைக் கையில் வைத்திருந்த மனுஷன், சாவியைக் கீழே போட்டுவிட்டுப் போவாரா? போகவில்லை. முதல் பத்து நிமிஷம் திட்டிக்கொண்டே நின்றார். அடுத்த பத்து நிமிஷம் சும்மா நின்றார். அதற்கடுத்து ஸ்கூட்டர்மேல் யாரோ சாய, "யோவ், சாயாத! அடுத்தவன் வண்டி!" என்று பாய்ந்தார். அரை மணியில் அவர் அடைக்கலராஜிடம், "ஏம்ப்பா, நெழலுக்குத் தள்ளிடலாமா, சீட்டு சூடாயிடுமே?" என்று யோசனை கேட்டார். "தள்ளிடலாங்க, ஆனா அவரு விட்ட எடத்துலேர்ந்து கண்ணுக்குத் தெரியறாப்ல இருக்கணும்" என்றான் இவன். பெரியவர் அதை மனசில் குறித்துக்கொண்டு தலையாட்டினார்.

ஜெசி மட்டும் காரில் ஏறவில்லை. அடுக்கியிருந்த டயர்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்ப்பது இவனுக்குத் தெரிந்தது, திரும்பிப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.

நாசியா புருஷனோடு வந்து சேர்ந்தாள். கமாலுதீன் மூன்று பெட்டியையும் போட்டுவிட்டுக் கண் கலங்கிப் பிள்ளையை நோக்கி ஓடி வந்தான். ஆசிப் யாரோ ஒரு ஆள் என்று அடைக்கலராஜ் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தை மறைத்துக்கொண்டான். கமாலுதீன் அப்படியே நின்றுவிட்டான். அப்புறம் நாசியாதான் போனை எடுத்து அவனை வீடியோவில் கூப்பிட்டுப் பிள்ளையிடம் காட்டினாள். ஆசிப் போனைப் பார்த்தான். நிமிர்ந்து ஆளைப் பார்த்தான். மறுபடி போனைப் பார்த்து, "அத்தா!" என்று தாவிப் போனான். சவுரிராயன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டார். தூசி என்றார்.

ஸ்கூட்டர்க்காரனும் வந்தான். சாவியை வாங்கி, "தேங்ஸ் பெருசு" என்று போயே போய்விட்டான். பெரியவருக்குக் கை வெறுமையாகிவிட்டது. அப்போதுதான் வந்த வேலை ஞாபகம் வந்தவராகத் தொண்டையைச் செருமினார்.

"சரிம்மா, கெளம்பலாமா?"

கார்க் கதவு திறந்தது. அடைக்கலராஜ் சேவலைக் கூடையில் அடைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். முடிச்சு ஏற்கெனவே மூன்று போட்டாயிற்று. நிமிர வேண்டியிருக்குமே என்று நாலாவதும் போட்டான்.

மாம்பழக் கலர் புடவை பக்கத்தில் வந்து நின்றது.

"மூஞ்சியெல்லாம் கிரீஸ்" என்றாள் ஜெசி. "போய் சோப்புப் போட்டு கழுவிக்கினு வாங்க."

"இல்லங்க, பீரோ கீது. சேவலு..."

"நான் பாத்துக்கறேன்."

அவனுக்குக் காது சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அசையாமல் நின்றான். இருபது வருஷத்தில் அந்த வார்த்தையை அவன்தான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறானே தவிர, அவனிடம் ஒருத்தர் சொன்னதில்லை.

"நாப்பது புள்ளைங்கள ஒண்ணா பாத்துக்கறவ நானு" என்றாள் ஜெசி. "ஒரு சேவல பாத்துக்க மாட்டேனா? போங்க."

"எத்தினி நேரம்மா ஆவும்?" என்று காரிலிருந்து குரல் கொடுத்தார் சவுரிராயன்.

"அஞ்சு நிமிஷம் மாமா."

பெரியவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு டிரைவரிடம் வண்டியை அணைக்கச் சொல்லிவிட்டு, இறங்கி வந்து பீரோவுக்கு அந்தப் பக்கம் காவலுக்கு நின்றுகொண்டார்.

அடைக்கலராஜ் கடைக்குப் பின்னால் இருந்த குழாய்க்குப் போனான். தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்து, சோப்பைத் தேய்த்து, அந்த ஜங்ஷனுக்கு வந்த நாளிலிருந்து முதல் முறையாக இரண்டு கண்ணையும் ஒன்றாக மூடினான். முன்பக்கம் பஸ் ஹாரன் கேட்டது, சேவல் கூவியது, யாரோ யாரையோ பீரோவைத் தொடாதே என்று அதட்டுவது கேட்டது. அவன் கண்ணைத் திறக்கவில்லை. அவசரப்படாமல் இன்னொரு தடவை சோப்புப் போட்டான்.